நிஜமாவே புரியாத ஏலியன்ஸ்: முதல் சந்திப்பு கதைகள் பத்தி பேசலாம் வாங்க (ஸ்பாய்லர் உண்டு, நிறையவே உண்டு)

#1 வால்மீன்

வணக்கம் மக்களே. ஏலியன் கதைன்னு சொன்னதுமே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டு வகைதான், ஒண்ணு வந்து ஊரைக் கொளுத்துறவன், இன்னொண்ணு சின்னப் பசங்களோட ஃப்ரெண்ட் ஆகி கடைசில எல்லாரையும் அழவச்சிட்டுக் கிளம்புறவன். ரெண்டு பேருமே உள்ளுக்குள்ள மனுஷன்தான். ஒருத்தனுக்கு பேராசை, இன்னொருத்தனுக்கு வீட்டு ஏக்கம், தோல் நிறம் மட்டும் வேற. அதை ரசிக்கிறவங்க ரசிக்கட்டும், நான் இந்த இழைல பேச நினைக்கிறது மூணாவது வகை. எதிர்ல இருக்கிறது உயிரா மெஷினா, அறிவு இருக்கா இல்லையா, நம்மகிட்ட பேசுதா இல்ல அதுபாட்டுக்கு ஏதோ பண்ணிக்கிட்டு இருக்கான்னே கண்டுபிடிக்க முடியாத கதைகள்.

இதுல எனக்கு எல்லாத்துக்கும் மேல சொலாரிஸ்தான். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம், 1961. ரெண்டு சூரியன் இருக்கிற ஒரு கிரகம், ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். கணக்குப்படி அந்தக் கிரகத்தோட சுற்றுப்பாதை நிலையா இருக்கவே முடியாது. ஆனா இருக்கு. ஏன்னா கிரகம் முழுக்க பரவிக்கிடக்கிற அந்த கொழகொழ சமுத்திரமே பாதையை சரிபண்ணிக்குது. இது தெரிஞ்ச நாள்ல இருந்து அது ஒரு உயிர்னு ஒரு கூட்டம், உயிரெல்லாம் இல்ல வெறும் வேதியியல்னு ஒரு கூட்டம், சண்டை முடியவே இல்ல.

படத்தைப் பார்த்துட்டு நாவலை விட்டவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. 1972ல தார்க்கோவ்ஸ்கி எடுத்ததும் சரி, 2002ல சோடர்பெர்க் எடுத்ததும் சரி, கெல்வின்ங்கிற விஞ்ஞானி, அவன் மனைவி ஹேரி, இவங்க கதையைத்தான் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. தற்கொலை பண்ணிக்கிட்ட மனைவி, அவன் போயிருக்கிற சொலாரிஸ் ஆராய்ச்சி ஸ்டேஷன்ல வந்து நிக்கிறா, மனசைப் பிசையுற விஷயம்தான். ஆனா நாவல்ல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்ச இடம் அது இல்ல, லைப்ரரிதான். கெல்வின் உக்காந்து சொலாரிஸ் ஆராய்ச்சியோட வரலாறைப் புரட்டுறான். சமுத்திரத்துல இருந்து மலை மாதிரி எழும்புற உருவங்களுக்கு சிமெட்ரியாட், அசிமெட்ரியாட், மிமாய்டுன்னு பேர் வச்சு, வகை பிரிச்சு, அளந்து, படம் போட்டு, அலமாரி அலமாரியா எழுதித் தள்ளியிருக்காங்க. உள்ள போய்ப் பார்க்கிறேன்னு போனவங்க உயிரை விட்டிருக்காங்க. தலைமுறைக்கு ஒரு தியரி வருது, அடுத்த தலைமுறை அதைக் கிழிச்சுப் போடுது. கடைசில கைல மிஞ்சுறது வகைப்பாடு மட்டும்தான், அது ஏன் அப்படிப் பண்ணுதுன்னு ஒரு வரி கூட எவராலயும் உறுதியா சொல்ல முடியல.

இதுதான் என் கட்சி. புரியாத ஏலியன்னா பனிமூட்டம் போட்டு மறைக்கிறது இல்ல. பட்டப்பகல்ல, எல்லா விவரத்தையும் கண்ணு முன்னாடி கொட்டி, இவ்வளவு இருந்தும் பிடிபடலைன்னு காட்டுறது. அந்த மாதிரி வேற எது எது இருக்கு, உங்களுக்கு எது ஒர்க் ஆச்சு, எது ஆகலைன்னு சொல்லுங்க.

#2 கணக்குப்பிள்ளை

பாஸ், நீங்க சொலாரிஸைப் பத்தி எழுதுனது அருமை, ஆனா நான் எதிர்க்கட்சி. புரியாத ஏலியனை எழுதுறது ஈசி. எழுத்தாளர் விடை சொல்லவே வேண்டாம், "மனித அறிவுக்கு அப்பாற்பட்டது"ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சது. புரியுற ஏலியனை, அதுவும் மனுஷன் மாதிரி இல்லாத ஏலியனைப் புரியவைக்கிறதுலதான் வேலை இருக்கு.

உதாரணம் ஆண்டி வியரோட ப்ராஜெக்ட் ஹெயில் மேரி, 2021. அதுல வர்ற ராக்கிங்கிற ஏலியனோட கிரகத்துல காத்தழுத்தம் நம்மளை விட 29 மடங்கு, காத்து பூரா அமோனியா, சூடு 210 டிகிரி செல்சியஸ். அவ்வளவு கெட்டியான காத்தைத் தாண்டி தரைக்கு வெளிச்சமே வராது, அதனால அந்த இனத்துக்கு கண்ணே கிடையாது, எல்லாமே சத்தத்துலதான் பார்க்குது. கண்ணு இல்லாததால வெளிச்சம்ங்கிற விஷயத்தையே கருவி வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதே காத்து விண்வெளிக் கதிர்வீச்சையும் தடுத்துடுது, அதனால கதிர்வீச்சுன்னு ஒரு ஆபத்து இருக்கிறதே தெரியாம கப்பலேறி வந்து ராக்கியைத் தவிர மொத்த பேரும் செத்துப்போறாங்க. பாருங்க, ஒரே ஒரு காரணம், காத்து, அதுல இருந்து உடம்பு, விஞ்ஞானம், சோகம் எல்லாம் வருது. பேச்சு கூட இசைக்குறிப்பு மாதிரி, பல ஸ்வரம் ஒரே நேரத்துல. எண்கள் ஆறின் அடிப்படைல. ரெண்டு பேரும் கடிகாரத்தை வச்சுக்கிட்டு எண்களைப் பிடிச்சு, அதுல இருந்து ஒவ்வொரு வார்த்தையா சேர்த்துக்கிட்டே போறாங்க. இயற்பியல் எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே, ஹைட்ரஜன் அங்கயும் ஹைட்ரஜன்தானே. அப்புறம் ஏன் முடியாதுன்னு கையை விரிக்கணும்?

#3 செவ்வந்தி

ரெண்டு பேரும் சொல்றது சுவாரசியமா இருக்கு. நான் மொழியியல் படிக்கிறேன், அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். இயற்பியல் ஒண்ணா இருந்தா போதும்னு கணக்குப்பிள்ளை சொல்றார். ஆனா அதே இயற்பியலை ரெண்டு விதமா யோசிக்கலாமே. டெட் சியாங் 1998ல எழுதுன "ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்", அரைவல் படத்தோட மூலக்கதை, அதுல முழுக்க இதுதான். வெளிச்சம் தண்ணிக்குள்ள போறப்ப ஏன் வளையுதுன்னா, நாம ஸ்கூல்ல படிச்சது ஊடகம் மாறுது, வேகம் குறையுது, அதனால வளையுதுன்னு. முதல்ல காரணம், அப்புறம் விளைவு. ஆனா ஃபெர்மாங்கிற கணித மேதை சொன்ன மாதிரி பார்த்தா, வெளிச்சம் இந்தப் புள்ளில இருந்து அந்தப் புள்ளிக்கு எந்தப் பாதைல சீக்கிரம் போகலாமோ அந்தப் பாதைல போகுது. அப்படின்னா கிளம்பும்போதே எங்க போய்ச் சேரணும்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா. ரெண்டு கணக்கும் ஒரே விடை. அந்தக் கதைல வர்ற ஏலியன்களான ஹெப்டாபாட்களுக்கு இந்த ரெண்டாவதுதான் பாலபாடம், நமக்கு எளிமையான வேகம்ங்கிறது அதுங்களுக்கு தலைசுத்துற கணக்கு.

அந்தக் கதைல ஒரு இடம் இருக்கு, அதுங்க மொழியைக் கத்துக்கிற மொழியியலாளர் லூயிஸ் அதுங்க எழுதுறதை வீடியோல ஓடவிட்டுப் பார்ப்பா. ஒரு வாக்கியத்தோட முதல் கோடு, அது ஒரு சொல்லோட மட்டும் நிக்காம வளைஞ்சு போய் அந்த வாக்கியத்தோட பல பகுதிக்கும் உறுப்பா ஆகுது. அதாவது முதல் கோட்டை இழுக்கிறதுக்கு முன்னாடியே மொத்த வாக்கியமும் எப்படி முடியும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. இதைப் படிச்சப்ப புக்கை மூடிவச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எவ்வளவு சின்ன விஷயத்துல இருந்து எவ்வளவு பெரிய வித்தியாசம்! கணக்கு பொதுவா இருந்தும், உலகத்தைப் பார்க்கிற விதம் தலைகீழ். படத்துல ஃபெர்மா பகுதியைத் தூக்கிட்டாங்க, வட்ட எழுத்து மட்டும் அழகா வந்திருக்கு. கதையைப் படிக்காதவங்க கட்டாயம் படிங்க.

#4 இரவுப்பறவை

நான் இந்த ஏரியாவுக்கே புதுசு, அரைவல் மட்டும்தான் பார்த்திருக்கேன். எல்லாம் ஒரே மூச்சுல படிச்சேன். ஒரு சந்தேகம், இந்த மாதிரி கதைகள் எப்ப இருந்து வருது? லெம்தான் முதல் ஆளா?

#5 நீள்வட்டம்

இல்லங்க, அதுக்கு முன்னாடியே இருக்கு. ஸ்டான்லி வைன்பாம் 1934ல "எ மார்ஷியன் ஒடிஸி"ன்னு ஒரு சிறுகதை எழுதினார். செவ்வாய்ல ஜார்விஸ்னு ஒருத்தன் நடந்து போறான், வழில வரிசையா பிரமிடு. முதல்ல சின்னச் சின்னதா, போகப்போக பெருசா. கடைசி பிரமிடோட உச்சியை உடைச்சுக்கிட்டு ஒண்ணு வெளிய வருது, கொஞ்சதூரம் நகர்ந்து உக்காருது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாய்ல இருந்து ஒரு செங்கல் வருது, எடுத்து பக்கத்துல வைக்குது, அவ்வளவுதான். அது சிலிக்கான் உயிர். நாம மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு வாயுவா போயிடும், அதோட கழிவு சிலிக்கா, திடப்பொருள், அதான் செங்கல். தன் கழிவுக்குள்ளயே தன்னைச் சுத்திக் கட்டிக்கிட்டு, நிரம்புனதும் உடைச்சுட்டு அடுத்ததுக்குப் போகுது. பல லட்சம் வருஷமா. அதுக்கு அறிவும் கிடையாது, நோக்கமும் கிடையாது. தூரத்துல இருந்து பார்க்கிறவனுக்கு பிரமிடுன்னா ஒரு நாகரிகம், கிட்டப் போனா வெறும் மூச்சு. 1934லயே இதை யோசிச்சிருக்கார்னு நினைச்சா ஆச்சரியமா இருக்கு.

#6 ஆழ்கடல்

கடல் உயிரியல் படிச்சவன்ங்கிற முறைல என் ஓட்டு பீட்டர் வாட்ஸுக்கு. அவரும் கடல் உயிரியல்காரர்தான், பிளைண்ட்சைட் 2006ல வந்துச்சு. 2082ல ஒருநாள் 65,536 சின்ன விண்கலங்கள் பூமியைச் சுத்தி ஒழுங்கான கட்டம் மாதிரி நின்னு, ஒரே நேரத்துல எரிஞ்சு விழுது. யாரோ நம்மளைப் போட்டோ எடுத்துட்டாங்க. யாருன்னு பார்க்க ஒரு கப்பல் போகுது.

அதுல வர்ற ஸ்க்ராம்ப்ளர்ங்கிற உயிர் ஆளுங்க கண்ணு முன்னாடியே நகருது, ஆனா யாருக்கும் தெரியல. எப்படின்னா, நம்ம கண்ணு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது அந்த ஒரு சின்ன நேரம் மூளை பார்வையை அணைச்சு வச்சிடும், இது நிஜமான அறிவியல், கண்ணாடில உங்க கண்ணு அசையுறதை உங்களால பார்க்கவே முடியாது, வேணும்னா இப்பவே போய்ப் பாருங்க. அந்த உயிர் எதிர்ல இருக்கிறவனோட நரம்பு ஓட்டத்தை வெளிய இருந்தே படிச்சு, கண்ணு தாவுற அந்த நொடித்துளில மட்டும் நகருது. இதைச் செய்யுறதுக்கு எவ்வளவு அறிவு வேணும்! ஆனா வாட்ஸ் சொல்றது, அதுக்கு "நான்"ங்கிற உணர்வே இல்ல. உள்ள யாருமே இல்ல. அறிவுக்கும் தன்னுணர்வுக்கும் சம்பந்தமே இல்லாம ஒரு உயிர் இருக்கலாம்ங்கிறதுதான் அந்த நாவலோட முதுகெலும்பு.

இது வெறும் கற்பனைன்னு தள்ள முடியாது. ஆக்டோபஸுக்கு கிட்டத்தட்ட 50 கோடி நியூரான், அதுல மூணுல ரெண்டு பங்கு கைகள்லதான் இருக்கு. அந்த உடம்புக்குள்ள "நான்" ஒண்ணா ஒன்பதான்னு நமக்கே தெரியாது. மூளையே இல்லாத ஒரு சளிப்பூஞ்சை இருக்கு, ஜப்பான்ல டோக்கியோவைச் சுத்தி இருக்கிற ஊர்கள் இருக்கிற இடத்துல எல்லாம் ஓட்ஸ் வச்சு அதை விட்டாங்க, அது போட்ட வலைப்பின்னல் நிஜ ரயில் பாதைக்கு ஈடா இருந்துச்சு, 2010ல வந்த ஆய்வு. பூமிக்குள்ளயே இப்படி. வெளிய இருக்கிறதுகிட்ட போய் "உன் தலைவன்கிட்ட கூட்டிட்டுப் போ"ன்னு கேட்க முடியுமா?

#7 கணக்குப்பிள்ளை

ஆழ்கடல், பிளைண்ட்சைட்டை நானும் படிச்சேன், அதை நான் புரியாத வகைல சேர்க்க மாட்டேன். வாட்ஸ் கடைசில எல்லாத்தையும் விளக்கிடுறாரே. ஏன் தாக்குறாங்கன்னு கூட காரணம் இருக்கு. நம்ம ரேடியோல டிவில எல்லாம் "நான்", "எனக்கு", "என் காதல்"னு பேசிக்கிட்டே இருக்கோம். தன்னுணர்வு இல்லாத உயிருக்கு இதுல ஒரு அர்த்தமும் கிடையாது, ஆனா அர்த்தம் இருக்கிற மாதிரி அமைப்பு இருக்கு, அதைப் பிரிச்சுப் படிக்க சக்தியைச் செலவு பண்ணணும், கடைசில ஒண்ணும் கிடைக்காது. அதனால நம்ம பேச்சே அதுக்கு ஒரு வைரஸ் தாக்குதல். இது எவ்வளவு தெளிவான விளக்கம், ஒரு இன்ஜினியர் மனசுக்கு அப்படியே தேன் பாயுது. இதைத்தான் நான் கேட்கிறேன். லெம் இந்த வேலையைச் செய்யலையே?

#8 வால்மீன்

லெம் செய்யாததுக்குக் காரணம் சோம்பல் இல்ல கணக்குப்பிள்ளை. 1968ல "ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்"னு இன்னொரு நாவல் எழுதினார், அதுல நட்சத்திரத்துல இருந்து ஒரு நியூட்ரினோ சிக்னல் வருது. கணக்கு மேதைகள், இயற்பியல் ஆளுங்க, மொழி ஆளுங்க எல்லாரையும் பாலைவனத்துல ஒரு ராணுவ இடத்துல அடைச்சு உடைக்கச் சொல்றாங்க. துளியூண்டு பகுதியை எடுத்து அதை வச்சு ஒரு விசித்திரமான பொருளைச் செஞ்சுடுறாங்க. ஆனா அது அனுப்புனவங்க நினைச்ச அர்த்தமா, இல்ல சமையல் குறிப்பைப் பார்த்து ராகம் போட்ட மாதிரி ஏதோ ஒண்ணா, தெரியாது. முழுக்க முழுக்க விஞ்ஞானிங்களோட விவாதம்தான் நாவல், ஆக்‌ஷன் கிடையாது, ஆனா ஒவ்வொரு தியரியும் எங்க உடையுதுன்னு அவர் எழுதுற நேர்மை இருக்கே, அதுக்கு ஏலியனை விளக்குறதை விட பத்து மடங்கு உழைப்பு வேணும். சிந்து சமவெளி முத்திரைகளை எடுத்துக்கோங்க, கிரீட் தீவோட லீனியர் ஏ எழுத்தை எடுத்துக்கோங்க. எழுதுனது நம்ம மாதிரியே சாப்பிட்டுத் தூங்குன மனுஷங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தராலயும் அடிச்சுச் சொல்லுற மாதிரி படிக்க முடியல. அப்ப வேற சூரியனுக்குக் கீழ பொறந்ததை கடிகாரத்தை வச்சுப் படிச்சிடலாம்ங்கிறது எனக்கு நம்பிக்கை வரல.

#9 ராக்கெட்ராஜா

தலைவா, ரோட்சைட் பிக்னிக் பத்தி யாருமே பேசலையே! ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள், சோவியத் ரஷ்யா, 1972. ஏலியன் வந்தாங்க, போயிட்டாங்க, யாரும் பார்க்கக் கூட இல்ல. வந்துட்டுப் போன ஆறு இடத்துலயும் விளங்காத சாமான்கள் கிடக்கு. அதுல ஒண்ணு, ரெண்டு செம்புத் தட்டு, நடுவுல வெறும் இடைவெளி. கையை விட்டா காத்துதான். ஆனா ரெண்டையும் அமுக்கிச் சேர்க்கவும் முடியாது, இழுத்துப் பிரிக்கவும் முடியாது. எதுக்குன்னு எவனுக்கும் தெரியாது, ஆனா கள்ள மார்க்கெட்ல நல்ல விலை. ரெட்ரிக்னு ஒருத்தன் உயிரைப் பணயம் வச்சு உள்ள போய் இதையெல்லாம் தூக்கிட்டு வந்து குடும்பம் நடத்துறான். அங்க ஒரு விஞ்ஞானி சொல்ற ஊகம்தான் தலைப்பு. காட்டோரமா கார்ல வந்தாங்க, சாப்பிட்டாங்க, பாட்டுக் கேட்டாங்க, எண்ணெயும் குப்பையும் கொட்டிட்டுக் கிளம்பிட்டாங்க, இப்ப புல்லுக்குள்ள இருக்கிற எறும்பும் பூச்சியும் வெளிய வந்து என்னடா இதுன்னு பார்க்குது. நாமதான் அந்தப் பூச்சி.

எனக்கு இதுல பிடிச்சது, மனுஷன் அதுக்கும் ஒரு வாழ்க்கை அமைச்சுக்கிறான். புரியலைன்னு யாரும் உக்காந்து அழல. பேட்டரி மாதிரி ஒண்ணு கிடைச்சா கார்ல மாட்டி ஓட்டுறான்.

#10 வால்மீன்

ராக்கெட்ராஜா எழுதுனதைப் படிச்சதும் ஒரு விஷயம் பளிச்சுன்னு தோணுச்சு, இதுவரைக்கும் நாம புரியும் புரியாதுன்னே சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம், ஆனா உண்மையான கோடு வேற இடத்துல இருக்குன்னு நினைக்கிறேன். தேவை. ஏலியனுக்கு நம்மகிட்ட ஏதாவது தேவை இருக்கா இல்லையா, அதான் கோடு.

ராக்கி ஏன் பேசக் கத்துக்கிச்சு? ரெண்டு பேரோட சூரியனையும் ஒரே நுண்ணுயிர் தின்னுக்கிட்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சனை, ஒரே அவசரம். தேவை இருந்தா 29 மடங்கு காத்தழுத்தமும் ஒரு தடையே இல்ல, நடுவுல ஒரு சுவர் வச்சுக்கிட்டு வேலை நடக்குது. ஹெயில் மேரில மொழி சீக்கிரம் அமையுறது எழுத்தாளர் சலுகை குடுத்ததாலன்னு முன்னாடி எனக்கு ஒரு எண்ணம் உண்டு, இப்ப அப்படி மட்டும் பார்க்க முடியல, வேலை ஒண்ணா இருந்தா பேச்சு தானா வரும். பிக்னிக் வந்தவங்களுக்கு நம்மகிட்ட ஒண்ணும் வேண்டாம். ஆர்தர் கிளார்க்கோட ராமா நாவல், 1973, 50 கிலோமீட்டர் நீளம் 20 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு உருளை சூரியக் குடும்பத்துக்குள்ள வருது, மனுஷன் உள்ள போய் சுத்திப் பார்க்கிறான், கடல், செங்குத்துப் பாறை, நகரம் மாதிரி கட்டடங்கள், திடீர்னு விளக்கு எரியுது, எல்லாம் நடக்குது, ஆனா அது வந்தது சூரியன்கிட்ட சக்தி எடுத்துக்கிட்டுப் போறதுக்கு. எடுத்துச்சு, போயிடுச்சு. நம்மளை ஏறெடுத்தும் பார்க்கல. தேவையே இல்லாத இடத்துல மொழி பிறக்க வழியே இல்ல, எவ்வளவு பெரிய மேதையை அனுப்புனாலும்.

#11 செவ்வந்தி

வால்மீன் இந்தத் தேவை விஷயம் அரைவலுக்கு அப்படியே பொருந்துது, எனக்கு இப்பதான் உறைக்குது. படத்துல ஹெப்டாபாட் ஏன் வந்துச்சுன்னு ஒரு பதில் இருக்கு, 3000 வருஷம் கழிச்சு அதுங்களுக்கு மனுஷங்க உதவி வேணும், அதுக்காக இப்பவே மொழியைப் பரிசா குடுக்குதுங்க. மூலக்கதைல அந்த பதிலே கிடையாது! வந்தாங்க, கண்ணாடி மாதிரி ஒண்ணு வழியா பேசினாங்க, ஒருநாள் சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. ஏன் வந்தாங்க ஏன் போனாங்கன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆனா அங்க மொழி பிறக்குதே? தேவை இல்லாமலே அதுங்க பொறுமையா சொல்லிக் குடுக்குதுங்களே? அப்ப உங்க கோட்டுல ஒரு ஓட்டை இருக்கு. எனக்கென்னவோ கதைதான் படத்தை விட தைரியம்னு தோணுது, காரணம் சொல்லாமலே நம்பவைக்குது.

லியு சிஷின் நாவல்கள்ல வர்ற ட்ரைசோலாரன்ங்கிற ஏலியன்களையும் சொல்லணும். அதுங்க நினைக்கிறது அப்படியே வெளிய தெரியும், நினைக்கிறதும் பேசுறதும் ஒண்ணுதான். இவான்ஸ்னு ஒரு மனுஷன் அதுங்களுக்கு ஓநாய் பாட்டி வேஷம் போட்டு சின்னப் பொண்ணை ஏமாத்துற கதையைச் சொல்றார். அதுங்களுக்கு விளங்கவே மாட்டேங்குது, ஓநாய் கதவைத் தட்டி பேசுனதுமே அது மனசுல இருக்கிறது அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே, அப்புறம் ஏன் கதவைத் திறந்தான்னு. பொய்னா என்னன்னு அன்னிக்குத்தான் புரியுது, புரிஞ்சதும் நம்மளைப் பார்த்து பயப்படுதுங்க. மத்த விஷயத்துல அதுங்க கொஞ்சம் மனுஷத்தனமா இருந்தாலும் இந்த ஒரு உரையாடல் போதும் எனக்கு.

#12 கணக்குப்பிள்ளை

ஓட்டையை அடைக்க நான் உதவுறேன். ஃப்ரெட் ஹாயில், வானியல் விஞ்ஞானி, 1957ல "தி பிளாக் கிளவுட்"னு எழுதினார். ஒரு கருமேகம் வந்து சூரியனை மறைச்சு நிக்குது, கோடிக்கணக்குல உயிர் போகுது. அப்புறம்தான் தெரியுது, மேகமே ஒரு அறிவு. சூரியன்கிட்ட சக்தி எடுக்க வந்திருக்கு, கெட்ட எண்ணமே கிடையாது. ஒரு கிரகத்தோட மேற்பரப்புல, இவ்வளவு ஈர்ப்புவிசைல, இத்தனூண்டு உடம்புக்குள்ள யோசிக்கிற உயிர் இருக்கும்னு அது எதிர்பார்க்கவே இல்ல. ராமாவுக்கும் இதே தேவைதான், சூரிய சக்தி. ஆனா மேகம் நம்மகிட்ட பேசுது, ராமா பேசல. அப்ப தேவை மட்டும் இல்ல, ஆர்வம்னும் ஒண்ணு இருக்கு. ஹெப்டாபாட்கிட்ட இருந்ததும் அதுவா இருக்கலாம். மேகம் இங்கிலீஷை மளமளன்னு கத்துக்குது. ஆனா மேகத்துக்குத் தெரிஞ்சதை மனுஷ மூளைல ஏத்திக்க முயற்சி பண்ண ரெண்டு பேர் செத்துப்போறாங்க. ஒரு பக்கம் மட்டும் புரிஞ்சுக்க முடியுற சந்திப்பு. வால்மீன், இதை வச்சுப் பார்த்தா உங்க கட்சியும் என் கட்சியும் அவ்வளவு தூரம் இல்லைன்னு ஒத்துக்கிறேன், ஆனா சொலாரிஸ் சமுத்திரத்துக்கு ஆர்வம் இருந்துச்சா இல்லையான்னு லெம் ஒரு பதில் சொல்லியிருக்கணும்ங்கிறதுல நான் அசைய மாட்டேன்.

#13 ஆழ்கடல்

அவர் சொல்லியிருக்கார் நண்பா, கடைசி அத்தியாயம். கெல்வின் முதல் தடவையா ஸ்டேஷனை விட்டு இறங்கி சமுத்திரத்துக்கிட்ட போய் கையை நீட்டுறான். அலை வந்து கையைச் சுத்திக்குது, ஆனா தொடல, கைக்கும் அதுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு காத்துப் படலம். கையைத் தூக்கினா அதுவும் ஒரு காம்பு மாதிரி கூடவே எழும்புது. திரும்பத் திரும்பச் செய்யுறான், சில தடவைக்கு அப்புறம் அது கண்டுக்காம விட்டுடுது, அலுத்துப்போன மாதிரி. கையை நீட்டினா இப்படி நடக்கும்னு முன்னாடி வந்தவங்களே எழுதி வச்சிருக்காங்க, அவனும் அதைப் படிச்சவன்தான். ஆர்வம் இருக்கு, ஆனா அந்த ஆர்வம் நம்ம மேலயா நம்ம கை மேலயான்னுதான் தெரியாது. ஒரு உயிரியல் ஆளா சொல்றேன், அந்த ஒரு பக்கம் எழுதுறதுக்கு நிஜமான விலங்குகளை ரொம்ப நேரம் உத்துப் பார்த்திருக்கணும்.

#14 நீள்வட்டம்

நாம அனுப்புனதைப் பத்தியும் கொஞ்சம் பேசுங்கப்பா. 1972ல பயனியர் விண்கலத்துல ஒரு தகடு வச்சாங்க, அதுல விண்கலம் எங்க இருந்து கிளம்புச்சுன்னு காட்ட ஒரு அம்புக்குறி. கலை வரலாற்று ஆய்வாளர் கோம்ப்ரிக் அப்பவே கேட்டார், வில் அம்பு வச்சு வேட்டையாடாத ஒரு உயிருக்கு அம்புக்குறின்னா திசைன்னு எப்படித் தெரியும்னு. 1974ல அரெசிபோ ரேடியோ தொலைநோக்கில இருந்து விண்வெளிக்கு அனுப்புன செய்தி 1679 பிட். அதை 23க்கு 73ன்னு ரெண்டு பகா எண்ணா மட்டும்தான் பிரிக்க முடியும், அப்படி அடுக்குனா படம் வரும். ஆனா அடுக்கிப் பார்க்கணும்னு தோணுறதுக்கே கண்ணு வேணும். ராக்கி கிட்ட அதைக் குடுத்தா பாட்டு மாதிரி கேட்டிருக்கும்.

1977 வாயேஜர் விண்கலத்துல வச்ச தங்கத்தட்டுல 55 மொழில வாழ்த்து இருக்கு, தெலுங்கு கன்னடம் சிங்களம் எல்லாம் இருக்கு, தமிழ் இல்ல. எனக்கு அதுல இன்னும் மனத்தாங்கல் உண்டு. இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்கர் பாடுன பைரவி ராகம் போயிருக்கு, அது ஒரு ஆறுதல்.

#15 இரவுப்பறவை

மண்டைக்குள்ள என்னென்னமோ ஓடுது. இப்ப சொல்லுங்க, நான் எதுல ஆரம்பிக்கணும்? இங்கிலீஷ் சுமாராதான் வரும். தமிழ்ல இந்த மாதிரி ஏதாவது இருக்கா?

#16 ராக்கெட்ராஜா

படம்னா 2024ல அயலான் வந்துச்சு, ஆனா அந்த ஏலியன் சித்தார்த் குரல்ல அழகா தமிழ் பேசும், அது வால்மீன் முதல்ல சொன்ன ரெண்டாவது வகை. குடும்பத்தோட பார்க்கலாம். இந்த மூணாவது வகைல தமிழ்ல யாராவது எழுதுனா முதல் ஆளா நான் காசு குடுத்து வாங்குவேன், இங்க எழுதுறவங்க இருந்தா தயவுசெஞ்சு யோசிங்க. நம்ம கடல், நம்ம காடு, எல்லாம் இருக்கு, எதுக்கு எப்பவும் நியூயார்க்ல இறங்கணும்.

#17 வால்மீன்

இரவுப்பறவை, முதல்ல வைன்பாம் சிறுகதை, கொஞ்ச பக்கம்தான், மொழியும் கஷ்டமில்ல. அடுத்தது சியாங் கதை, படம் பார்த்திருக்கிறதால பிடிபடும், ஃபெர்மா பகுதி வர்றப்ப மட்டும் ஒரு பேப்பர் பேனா எடுத்து வெளிச்சம் வளையுறதை வரைஞ்சு பார்த்துக்கோங்க. மூணாவது ஹெயில் மேரி, கணக்குப்பிள்ளை சந்தோஷப்படுவார், ராக்கி தூங்குறவங்களைப் பக்கத்துல உக்காந்து காவல் காக்கிறதை ஒரு மரியாதையா நினைக்கிற இடம் வரும், அதுல விழுந்துடுவீங்க. அப்புறம் ராமா. ராமாவோட தொடர்ச்சி 1989ல இருந்து ஜென்ட்ரி லீயோட சேர்ந்து வந்துச்சு, அதுங்கள்ல எல்லாத்தையும் விளக்க ஆரம்பிச்சிடுறாங்க, முதல் புக்கோட நிறுத்திக்கோங்க. பிளைண்ட்சைட்டை வாட்ஸ் தன் தளத்துலயே இலவசமா வச்சிருக்கார், ஆனா மொழி கடுமையா இருக்கும், அவசரப்படாதீங்க.

சொலாரிஸ் படிக்கிறப்ப ஒரு விஷயம். 1970ல வந்த இங்கிலீஷ் பதிப்பு போலிஷ்ல இருந்து நேரா வந்தது இல்ல, பிரெஞ்சு வழியா வந்தது. 2011ல பில் ஜான்ஸ்டன் போலிஷ்ல இருந்து நேரா பண்ணியிருக்கார், கிடைச்சா அதை எடுங்க. லைப்ரரி அத்தியாயம் வர்றப்ப நிறைய பேர் போரடிக்குதுன்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. தள்ளாதீங்க, அங்க நின்னு நிதானமா படிங்க. முடிச்சுட்டு வந்து இதே இழைல எழுதுங்க, அந்தக் கை நீட்டுற இடத்தைப் பத்தி ஆழ்கடல்கிட்ட எனக்கும் கேட்க வேண்டியது பாக்கி இருக்கு.